டயாலிசிஸில் இருப்பவருக்கு பைபாஸ்: வாசகர் கேள்விகளும் சிறுநீரக மருத்துவரின் பதில்களும்

டயாலிசிஸ் செய்துகொள்பவர்களின் உயிருக்குச் சிறுநீரகத்தைவிட இதயமே பெரிய ஆபத்தாக இருக்கிறது என்று சென்ற மாதம் இப்பகுதியில் எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டுச் சென்னையின் பல பகுதிகளிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை, அடைபட்ட இதய ரத்தக் குழாயைத் தாண்டி ரத்தம் போக மாற்றுக் குழாய் இணைக்கும் பைபாஸ் அறுவை சிகிச்சையைப் பற்றியே கேட்டிருந்தன. ஆகவே இம்மாதப் பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்களின் பெயர்களை வெளியிடவில்லை. நேரில் பார்க்காத நோயாளிக்கு மருந்தின் அளவை நான் சொல்ல இயலாது. உங்கள் மருத்துவரிடம் எதைக் கேட்க வேண்டும், எந்த அறிகுறியைக் கண்டால் காத்திருக்கக் கூடாது என்பதைச் சொல்ல இயலும்.

கேள்வி: என் கணவருக்கு வயது 58. இருபது வருடமாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. நான்கு வருடமாக வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடக்கிறது. சில மாதங்களாக டயாலிசிஸின்போது பிரஷர் இறங்கி மயக்கம் வந்ததால் ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். மூன்று ரத்தக் குழாய்களிலும் அடைப்பு, இடது முதன்மைக் குழாயிலும் அடைப்பு என்று சொல்லி இதய மருத்துவர் பைபாஸ் செய்யச் சொல்கிறார். இன்னொரு மருத்துவரோ, டயாலிசிஸ் நோயாளிக்கு பைபாஸ் மிகவும் ஆபத்து, மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். நெஞ்சுவலி என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. யார் சொல்வதைக் கேட்பது, டாக்டர்?
(ஒரு வாசகி, பெரம்பூர்)

பதில்: அம்மா, இருவர் சொல்வதும் உண்மைதான். ஒருவர் அடைப்பைப் பார்த்துச் சொல்கிறார். மற்றவர் அந்த அடைப்பைச் சுமக்கும் உடலைப் பார்த்துச் சொல்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் ஆபத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பகுதியின் வட மாநிலங்களில் 1990-களில் பைபாஸ் செய்துகொண்ட சுமார் 15,500 பேரின் விவரங்களைத் தொகுத்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். அவர்களில் 279 பேர் டயாலிசிஸில் இருந்தவர்கள். மற்றவர்களில் நூற்றுக்கு 3 பேர் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். டயாலிசிஸில் இருந்தவர்களில் நூற்றுக்கு 12 பேர். பக்கவாதம் வந்தவர்கள் மற்றவர்களில் நூற்றுக்கு 1.7, டயாலிசிஸ் நோயாளிகளில் 4.3. நெஞ்செலும்புக்குப் பின்னால் சீழ் பிடித்தவர்கள் மற்றவர்களில் நூற்றுக்கு 1.2, டயாலிசிஸ் நோயாளிகளில் 3.6. வயது, சர்க்கரை நோய் போன்ற வேறுபாடுகளைக் கணக்கில் கொண்ட பிறகும் இறப்பின் ஆபத்து மூன்று மடங்காகவே இருந்தது. அதற்குப் பிறகு மயக்க மருத்துவமும் தீவிர சிகிச்சையும் வெகுவாக வளர்ந்திருக்கின்றன என்றாலும், டயாலிசிஸ் நோயாளிக்கு ஆபத்து மற்றவர்களைவிடப் பல மடங்கு என்ற நிலை இன்றும் மாறவில்லை.

இந்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால்தான் அதில் எதைக் குறைக்கலாம் என்பதும் தெரியும். இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் பைபாஸ், 1975-ஆம் ஆண்டில் உங்கள் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் செய்தது. இந்த அரை நூற்றாண்டில் ரத்தக் குழாயை ஒட்டித் தைக்கும் கலை நம் ஊரில் நன்றாகவே முதிர்ந்துவிட்டது. சிக்கல் பெரும்பாலும் தையலில் வருவதில்லை, தைக்கப்படும் உடலில் வருகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்குப் பாஸ்பரஸும் கால்சியமும் நிலைகுலைந்து ரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்பு படிகிறது. இதயத்திலிருந்து புறப்படும் மகாதமனியில் அது படிந்திருந்தால், அறுவையின்போது அங்கே கவ்வி போடுகையில் துகள் பெயர்ந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம். ரத்தத்தில் தேங்கும் கழிவுகளால், எண்ணிக்கை சரியாக இருந்தும், ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் தம் வேலையைச் சரியாகச் செய்வதில்லை. அதனால் கசிவு எளிதில் நிற்காது. சத்துக் குறைவும் சர்க்கரையும் சேர்ந்து புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகின்றன. சிறுநீர் பிரியாத உடம்பில், ஐசியூவில் ஏற்றும் மருந்தும் ரத்தமும் சலைனும் வெளியேற வழியில்லாமல் நுரையீரலில் தேங்குகின்றன.

இனி மறுதட்டு. அமெரிக்காவின் டயாலிசிஸ் நோயாளிகள் பதிவேட்டை ஆராய்ந்து 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கின்படி, பைபாஸ் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 8.6 பேரும், ஸ்டென்ட் (அடைப்பை விரித்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துக்கொண்டவர்களில் 4.1 பேரும் மருத்துவமனையிலேயே இறந்தார்கள். ஆனால் இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது பைபாஸ் செய்துகொண்டவர்களில் நூற்றுக்கு 56 பேரும் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் 48 பேரும் உயிரோடு இருந்தார்கள். அதாவது பைபாஸ் முன்கூட்டியே ஒரு பெரிய விலையை வாங்கிக்கொண்டு, அதைத் தாண்டி வருபவர்களுக்குப் பின்னால் பலன் தருகிறது. இது யாருக்கு எதைச் செய்வது என்று மருத்துவர்கள் தேர்ந்தெடுத்த பிறகு எண்ணிய கணக்கு என்பதால் இதையே முடிந்த முடிவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

உங்களுக்கு மாத்திரை போதும் என்று சொன்னவர் 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த பெரிய ஆய்வை மனதில் வைத்துச் சொல்லியிருக்கலாம். இந்தியா உட்படப் பல நாடுகளில் நடந்த அந்த ஆய்வில், முற்றிய சிறுநீரக நோய் உள்ள 777 பேரை, ஆஞ்சியோகிராம் செய்து அடைப்பைச் சரிசெய்யும் பிரிவு, மருந்தை மட்டும் முதலில் தரும் பிரிவு என்று பிரித்தார்கள். பாதிக்கும் சற்று அதிகமானோர் டயாலிசிஸில் இருந்தவர்கள். மூன்று ஆண்டு முடிவில் இறப்பும் மாரடைப்பும் சேர்ந்து இரு பிரிவிலும் நூற்றுக்கு 36 பேருக்குச் சற்று மேலாக, கிட்டத்தட்டச் சமமாகவே இருந்தன. ஆனால் அது நிலையான இதய நோய் உள்ளவர்களைப் பற்றிய ஆய்வு. அண்மையில் மாரடைப்பு வந்தவர்களையும், இதயத்தின் பம்பிங் திறன் 35 சதவீதத்துக்குக் கீழே போனவர்களையும், தாங்க முடியாத நெஞ்சுவலி உள்ளவர்களையும் அதில் சேர்க்கவில்லை. அடைப்பைச் சரிசெய்தவர்களிலும் பெரும்பாலோருக்கு நடந்தது ஸ்டென்ட்தான்.

உங்கள் கணவரின் நிலை அதிலிருந்து வேறுபடுகிறது. இடது முதன்மைக் குழாயின் அடைப்பை மருத்துவர்கள் எப்போதும் தனி வகையாகவே கருதுகிறார்கள். இதயத்தின் பெரும்பகுதிக்கு ரத்தம் அதன் வழியாகத்தான் போகிறது. வலி இல்லை என்பதும் ஆறுதலுக்குரிய விஷயமாகாது. நீண்டநாள் சர்க்கரையால் நரம்புகள் மரத்துப்போனவர்களுக்கு நெஞ்சுவலி வருவதே அரிது. டயாலிசிஸின்போது திரும்பத் திரும்ப பிரஷர் இறங்குவதும், மூச்சு வாங்குவதும், காரணமில்லாத களைப்புமே அவர்களுடைய இதயம் கொடுக்கும் அறிகுறிகள். எனவே பம்பிங் திறன் நன்றாக இருந்து, மகாதமனியில் சுண்ணாம்பு அதிகமில்லை என்று நெஞ்சு சிடி ஸ்கேன் காட்டி, நடமாட்டமும் உணவும் சுமாராகவேனும் இருக்குமானால், நான் பைபாஸ் பக்கமே சாய்வேன். படுத்த படுக்கையாக இருப்பவர், ரத்தத்தில் அல்புமின் என்ற புரதம் மிகவும் குறைந்தவர், மகாதமனி முழுவதும் சுண்ணாம்பாக இறுகியவர் என்றால் ஸ்டென்டையோ மருந்தையோதான் சொல்வேன்.

அறுவை என்று முடிவானால், இதய அறுவை மருத்துவரும் சிறுநீரக மருத்துவரும் ஒருவரோடொருவர் பேசினார்களா என்பதை நீங்கள் நேராகவே கேட்க வேண்டும். கேட்பதில் கூச்சம் வேண்டாம். நான் பார்த்த சிக்கல்களில் கணிசமானவை, இந்தப் பிரிவுக்குத் தெரிந்தது அந்தப் பிரிவுக்குத் தெரியாமல் போனதால் வந்தவை. வழக்கமாக அறுவைக்கு முந்தைய நாள் டயாலிசிஸ் செய்து, நீரையும் பொட்டாசியத்தையும் சரியான அளவுக்குக் கொண்டுவருவார்கள். ரத்தம் உறையாமலிருக்கத் தரும் க்ளோபிடோக்ரெல் சாப்பிடுபவர் என்றால் அதைச் சுமார் ஐந்து நாள் முன்பு நிறுத்தச் சொல்வதுண்டு. ஆஸ்பிரினைப் பெரும்பாலும் தொடரச் சொல்வார்கள். இரண்டையும் அவர்கள் சொல்லாமல் நீங்களாக நிறுத்தக் கூடாது. ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) உள்ள கையில் ஊசியோ பிரஷர் பட்டையோ கூடாது என்பதை எழுதி அந்தக் கையிலேயே ஒட்டிவிடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாய்திறந்து சொல்ல முடியாது. கை மணிக்கட்டிலிருந்து ரத்தக் குழாயை எடுத்து பைபாஸுக்குப் பயன்படுத்தும் வழக்கமும் உண்டு. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தக் குழாய் நாளைய ஃபிஸ்டுலாவுக்கு வேண்டியது என்பதால் அதைத் தொடாமல் விட முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் போன மாதம் பைபாஸ் நடந்தது. நாள் தவறாமல் டயாலிசிஸ் செய்ய வேண்டியவருக்கு முதல் நாள் எதுவும் செய்யாமல், மறுநாள் வேறொரு இயந்திரத்தில் இரவெல்லாம் மெதுவாகச் செய்தார்கள். மூன்றாம் நாள் இதயத் துடிப்பு தாறுமாறானது. டயாலிசிஸைத் தள்ளிப்போட்டதுதான் காரணமா?
(ஒரு வாசகி, வேளச்சேரி)

பதில்: தள்ளிப்போட்டதைத் தவறு என்று நினைக்க வேண்டாம். அறுவை முடிந்த முதல் சில மணி நேரங்களில் மருத்துவர்கள் எதிரெதிரான இரண்டு பயங்களுக்கு நடுவே நிற்கிறார்கள். ஒன்று பொட்டாசியம். இதயத்தை நிறுத்தி வைக்கச் செலுத்தும் கரைசலிலேயே பொட்டாசியம் நிறைய இருக்கிறது; ஏற்றப்படும் ரத்தத்திலும் இருக்கிறது. மற்றொன்று ரத்தக் கசிவு. வழக்கமான டயாலிசிஸில் ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் செலுத்துவார்கள். புதிதாகத் தைத்த நெஞ்சில் அது கசிவைக் கூட்டிவிடும். அதனால் பொட்டாசியம் பொறுக்கக்கூடிய அளவில் இருக்கும்வரை காத்திருந்து, பிறகு ஹெபாரின் இல்லாமல் டயாலிசிஸ் செய்வதே முறை.

மெதுவாகச் செய்ததற்கும் காரணம் உண்டு. நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டரை இழுத்தால், அப்போதுதான் தைக்கப்பட்ட இதயம் அதைத் தாங்காமல் பிரஷர் சரியும். பிரஷர் சரிந்தால் புதிய இணைப்புக் குழாயில் ரத்த ஓட்டம் மந்தமாகி அடைத்துக்கொள்ளவும் கூடும். அதே நீரை எட்டு மணி நேரத்திலோ ஒரு நாள் முழுவதிலுமோ எடுத்தால் இதயத்துக்குச் சுமை தெரியாது.

துடிப்பு தாறுமாறாவது சிறுநீரகம் நன்றாக இருப்பவர்களுக்கும் பைபாஸுக்குப் பிறகு வரக்கூடியதே. நான்கில் ஒருவர் முதல் மூன்றில் ஒருவர் வரை அதை அனுபவிக்கிறார்கள். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள்தான் அது பெரும்பாலும் தலைகாட்டும். டயாலிசிஸ் நோயாளிக்குப் பொட்டாசியமும் மக்னீசியமும் ஏறி இறங்குவதாலும், நீர் கூடிக் குறைவதாலும் வாய்ப்பு இன்னும் அதிகம். அது நீடித்தால் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை தேவையா என்ற கேள்வி எழும். டயாலிசிஸ் நோயாளிக்கு வார்ஃபரின் என்ற அந்த வகை மாத்திரை கசிவை உண்டாக்குவதோடு, அரிதாகத் தோலடி ரத்தக் குழாய்களில் சுண்ணாம்பு இறுகி ஆறாத புண்களையும் உண்டாக்கும் என்பதால், அதை எழுதித் தந்திருந்தால் எத்தனை நாளுக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வலிக்குத் தரும் மருந்துகளில் மார்ஃபின், கேபாபென்டின், ப்ரீகாபலின் ஆகியவை சிறுநீரகம் வழியாக வெளியேற வேண்டியவை. வெளியேற வழியில்லாத உடலில் அவை தேங்கி, ஓயாத உறக்கத்தையும் குழப்பப் பேச்சையும் உண்டாக்கும். அப்பா எப்போதும் தூங்கிக்கொண்டே இருக்கிறார் என்றால் களைப்பு என்று விட்டுவிடாமல் மருந்துச் சீட்டை உங்கள் சிறுநீரக மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: என் தந்தைக்கு பைபாஸ் முடிந்து ஐந்து வாரம் ஆகிறது. வீட்டுக்கு அருகிலுள்ள டயாலிசிஸ் மையத்தில் வாரம் மூன்று முறை செய்கிறோம். ஒவ்வொரு முறையும் எடை 62 கிலோவுக்கு வந்த பிறகே அனுப்புகிறார்கள். அறுவைக்கு முன்பும் அதே 62-தான். இருந்தும் இரவில் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறார். வறட்டு இருமல் இருக்கிறது. டிரை வெயிட் சரியாக இருக்கிறது, இதயம் பலவீனமாக இருப்பதால் இப்படித்தான் இருக்கும் என்கிறார் டெக்னீஷியன். இது சரியா, ஐயா?
(ஒரு வாசகர், அம்பத்தூர்)

பதில்: சரியில்லை. இந்த இதழ் கைக்கு வரும்போதும் அதே நிலை நீடித்தால், அடுத்த டயாலிசிஸ் நாளுக்குக் காத்திருக்காமல் இன்றே அவரை அறுவை நடந்த மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். பைபாஸுக்குப் பிறகு டயாலிசிஸ் நோயாளிகளுக்கு நேரும் துன்பங்களில் மிக அதிகமாகக் கவனிக்காமல் விடப்படுவதும், மிக எளிதாகச் சரிசெய்யக்கூடியதும் இதுதான் என்பது என் அனுபவம்.

டிரை வெயிட் என்பது உடலில் மிகையான நீர் இல்லாதபோது இருக்கும் எடை. அதை நிரந்தரமான எண்ணாக நினைத்துக்கொள்வதுதான் தவறு. பெரிய அறுவைக்குப் பிறகு பசி போய்விடுகிறது. இரண்டு இட்லியை முடிக்க அரைமணி நேரம் ஆகிறது. நடமாட்டம் இல்லாததால் தசை கரைகிறது. ஒரு மாதத்தில் உங்கள் தந்தையின் சதை மூன்று கிலோ குறைந்திருந்தால், அவருடைய உண்மையான டிரை வெயிட் இப்போது 59. இயந்திரத்திலோ பழைய 62 எழுதியிருக்கிறது. எடை பார்க்கும் கருவிக்குச் சதை எது, நீர் எது என்று தெரியாது. போன சதையின் இடத்தில் மூன்று லிட்டர் நீர் உட்கார்ந்துகொண்டு, எண்ணைப் பழையபடியே காட்டுகிறது. அந்த நீர் படுத்தவுடன் நுரையீரலில் ஏறுவதால்தான் அவரால் படுக்க முடிவதில்லை. தலையணையின் எண்ணிக்கை கூடுவது, இரவு இருமல், கட்டுக்குள் இருந்த பிரஷர் ஏறுவது ஆகியவை கால் வீங்குவதற்கு முன்பே வந்துவிடும் அறிகுறிகள். அறுவைக்கு முந்தைய இடுப்புப் பட்டை இப்போது எத்தனை துளை உள்ளே போகிறது என்று பாருங்கள். எடைக் கருவி மறைக்கும் உண்மையை அது சொல்லிவிடும்.

ஆனால் நீர் மட்டும்தான் காரணம் என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. நேரில் காட்டச் சொல்வது அதற்காகத்தான். பைபாஸுக்குப் பிறகு இடது நுரையீரலைச் சுற்றி நீர் கோப்பது அடிக்கடி நடக்கும். அதைவிட ஆபத்தானது, இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் நீரோ ரத்தமோ சேர்வது. அறுவைக்குப் பிறகு யாருக்கும் அது வரலாம். டயாலிசிஸ் போதாதவர்களுக்கு அறுவை இல்லாமலேயே வரும். டயாலிசிஸில் ஹெபாரின் செலுத்துவதால் அங்கே ரத்தம் கசியும் வாய்ப்பும் கூடுகிறது. மூச்சு வாங்கும், அதே நேரத்தில் டயாலிசிஸ் தொடங்கிய சிறிது நேரத்தில் பிரஷர் சரியும் என்ற இரண்டும் சேர்ந்து இருந்தால் அதை நினைக்காமல் இருக்கவே கூடாது. ஒரு எக்கோவும் (இதய அல்ட்ராசவுண்ட் பரிசோதனை) ஒரு எக்ஸ்ரேயும் எடுத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

அவை இல்லை, மிகை நீர்தான் என்று உறுதியானால், மூன்று கிலோவையும் ஒரே நாளில் கூடுதலாக இழுத்துவிடச் சொல்லி அவசரப்படுத்தாதீர்கள். ஒரு மணி நேரத்துக்கு, ஒரு கிலோ எடைக்கு 13 மில்லிக்கு மேல் நீர் எடுப்பது இதயத்துக்கு நல்லதல்ல என்று கருதப்படுகிறது. 60 கிலோ எடையுள்ளவருக்கு அது மணிக்கு 780 மில்லி. நான்கு மணி நேரத்தில் மூன்று லிட்டருக்குச் சற்று மேல். இரண்டு டயாலிசிஸுக்கு இடையில் குடித்த நீரே இரண்டு லிட்டர் என்றால், பழைய நீரை எடுக்க மிஞ்சும் இடம் ஒரு லிட்டர்தான். எனவே ஒவ்வொரு முறையும் அரைக் கிலோவாக டிரை வெயிட்டைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். தேவைப்பட்டால் வாரத்தில் நான்காவது முறையாக ஒரு டயாலிசிஸ் சேர்ப்பார்கள். மூச்சுத் திணறல் கடுமையாக இருந்தால் மருத்துவமனையில் சேர்த்து, கண்காணிப்பில் வைத்து விரைவாகவே எடுப்பார்கள். டயாலிசிஸ் அன்று காலையில் பிரஷர் மாத்திரையைச் சாப்பிடுவதா, முடித்த பிறகு சாப்பிடுவதா என்பதையும் அப்போது புதிதாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அறுவைக்கு முன்பு சொன்னது இப்போது பொருந்தாமல் போகலாம்.

இரண்டு மூன்று மாதம் கழித்து இதே சிக்கல் தலைகீழாக வரும். பசி திரும்பி, உடம்பு தேறி, சதை பிடிக்கத் தொடங்கும். அப்போது 59-லேயே நிறுத்திவைத்தால் உடலுக்குத் தேவையான நீரையும் இயந்திரம் எடுத்துவிடும். கெண்டைக்கால் பிடிப்பு, டயாலிசிஸ் முடிந்ததும் தலைசுற்றல், குரல் கம்மிப்போதல் என்று தெரியவந்தால் டிரை வெயிட்டை உயர்த்தும் நேரம் வந்துவிட்டது என்று பொருள். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, தினமும் காலையில் ஒரே எடைக் கருவியில் பார்த்த எடை, பிரஷர், எத்தனை தலையணை, என்ன சாப்பிட்டார் என்ற நான்கை மட்டும் எழுதி, ஒவ்வொரு ஷிப்டுக்கும் கொண்டுபோய்ப் பொறுப்பு மருத்துவரிடம் காட்டுங்கள். டெக்னீஷியன்கள் மிகுந்த உழைப்பாளிகள். டிரை வெயிட்டை மாற்றும் பொறுப்பு மருத்துவருடையது.

கேள்வி: எனக்கு இடது மேற்கையில் ஃபிஸ்டுலா இருக்கிறது. பைபாஸ் செய்து ஆறு மாதம் ஆகிறது. டயாலிசிஸ் தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் நெஞ்சில் அழுத்தம் வருகிறது. இயந்திரத்தை நிறுத்தினால் சரியாகிவிடுகிறது. வீட்டில் இருக்கும்போது ஒன்றும் இல்லை.
(ஒரு வாசகர், சைதாப்பேட்டை)

பதில்: இதைக் கட்டாயம் இதய மருத்துவரிடம் காட்ட வேண்டும். பைபாஸில் மிக நீண்ட காலம் உழைப்பது, நெஞ்சின் உட்பக்கம் இடதுபுறம் ஓடும் தமனியை இதயத்தோடு இணைப்பதுதான். அந்தத் தமனி, இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாயிலிருந்துதான் கிளம்புகிறது. உங்கள் ஃபிஸ்டுலாவும் அதே குழாயிலிருந்துதான் ரத்தம் வாங்குகிறது. தெருவுக்கு வரும் மெட்ரோ வாட்டர் குழாயில் ஒரு வீட்டார் மோட்டார் வைத்து இழுத்தால் அடுத்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வரும் என்பது சென்னைவாசிகளுக்குத் தெரிந்ததே. அதைப்போல, ஃபிஸ்டுலா மிக அதிகமாக ரத்தத்தை இழுக்கும்போதோ, பொதுக் குழாயிலேயே அடைப்பு இருக்கும்போதோ, இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் கைப்பக்கம் திரும்பிவிடலாம். மணிக்கட்டு ஃபிஸ்டுலாவைவிட மேற்கை ஃபிஸ்டுலாவில் ஓட்டம் பொதுவாக அதிகம் என்பதால் உங்களுக்கு அந்தச் சந்தேகம் பொருத்தமாகவே இருக்கிறது.

டாப்ளர் பரிசோதனையில் ஃபிஸ்டுலாவின் ஓட்டத்தை அளந்துவிடலாம். சிடி ஆஞ்சியோகிராமில் பொதுக் குழாயின் அடைப்பு தெரியும். அடைப்பு என்றால் ஸ்டென்ட் வைக்கலாம். ஓட்டம் மிகை என்றால் ஃபிஸ்டுலாவைச் சிறிதாக்கலாம், அல்லது வலது கைக்கு மாற்றலாம். ரத்தசோகை, பிரஷர் இறங்குவது, இணைப்புக் குழாயே அடைத்துக்கொள்வது ஆகியவையும் இதே அழுத்தத்தைத் தரும் என்பதால் அவற்றையும் பார்ப்பார்கள். அதுவரை, அழுத்தம் வந்தவுடன் பக்கத்துப் படுக்கைக்காரருக்குத் தொந்தரவாகுமே என்று பொறுத்துக்கொண்டு கிடக்காமல் உடனே சொல்லுங்கள். நிறுத்தியும் போகாவிட்டால் 108-ஐ அழைக்க வேண்டும்.

கேள்வி: பைபாஸ் முடிந்து வந்த என் மாமியாருக்கு உறவினர்கள் இளநீரும் சாத்துக்குடிச் சாறும் வாங்கிவருகிறார்கள். தெம்புக்கு நல்லது என்கிறார்கள். உப்பு கூடாது என்பதால் கடையில் விற்கும் சோடியம் குறைந்த உப்பைச் சேர்க்கிறேன். சரிதானே?
(ஒரு வாசகி, மயிலாப்பூர்)

பதில்: இரண்டையும் இன்றே நிறுத்துங்கள். அன்பினால் கொண்டுவருகிறார்கள் என்பது புரிகிறது. ஆனால் இளநீரும் பழச்சாறும் பொட்டாசியம் நிறைந்தவை. சோடியம் குறைந்த உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடுதான். சிறுநீர் பிரியாதவருக்கு அது ஏறினால் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் இதயம் நின்றுவிடக் கூடும். இரண்டு டயாலிசிஸுக்கு இடையே நீண்ட இடைவெளி விழும் வார இறுதியில் ஆபத்து இன்னும் கூடுதல். சாதாரண உப்பையே பாதியாகக் குறைத்து, ஊறுகாய், அப்பளம், கருவாடு ஆகியவற்றை விட்டுவிடுங்கள். காய்களைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுச் சமையுங்கள்.

தெம்பு வர வேண்டியது புரதத்திலிருந்து. டயாலிசிஸ் நோயாளிக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்கு 1 முதல் 1.2 கிராம் வரை புரதம் வேண்டும். நெஞ்செலும்பு கூடவும் புண் ஆறவும் அது இல்லாமல் முடியாது. முட்டை சாப்பிடுபவர் என்றால் வெள்ளைக்கருவைப்போல நல்லது வேறில்லை. பொட்டாசியமும் பாஸ்பரஸும் அதில் குறைவு. சைவம் என்றால் பருப்பையும் பனீரையும் எவ்வளவு சேர்க்கலாம் என்று மையத்தின் உணவு ஆலோசகரிடம் கேளுங்கள். சிறுநீரக நோயாளி பருப்பே தொடக் கூடாது என்று பழைய காலத்தில் சொன்னது, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கான கட்டுப்பாடு.

கேள்வி: நெஞ்சுத் தையலின் கீழ்முனையில் மூன்று நாளாகச் சிறிது நீர் கசிகிறது. காய்ச்சல் இல்லை. மஞ்சள் வைக்கலாமா?
(ஒரு வாசகர், ராயபுரம்)

பதில்: எதையும் வைக்க வேண்டாம்; நாளையே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். டயாலிசிஸ் நோயாளிகளுக்கு உள்ளே சீழ் இருந்தும் காய்ச்சல் வராமல் போவதுண்டு. இருமும்போது நெஞ்செலும்பு கடகடவென்று அசைவதுபோலத் தெரிந்தாலோ, கசிவு சீழாக மாறினாலோ, குளிர் நடுக்கம் வந்தாலோ நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம். கழுத்துக் குழாய் வழியாக டயாலிசிஸ் செய்பவர் என்றால் அந்த இடத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். நெஞ்செலும்பு கூட ஆறு முதல் எட்டு வாரம் ஆகும். அதுவரை டயாலிசிஸ் கட்டிலிலிருந்து கைகளை ஊன்றி எழாமல், பக்கவாட்டில் திரும்பிக் கால்களைத் தொங்கவிட்டு, ஒருவர் முதுகைத் தாங்க எழுந்திருங்கள். வாரம் மூன்று முறை மையத்துக்குப் போகும் பயணத்தில் ஷேர் ஆட்டோவைத் தவிருங்கள்.

கேள்வி: எங்களுக்குத் தனியார் மருத்துவமனைக்குச் செலவழிக்க வசதியில்லை. பைபாஸ் முடிந்தவர் சிறுநீரக மாற்றுக்குப் பதிவு செய்ய முடியுமா?
(ஒரு வாசகி, ஆவடி)

பதில்: முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. பைபாஸும் டயாலிசிஸும் ஒரே அட்டையில் வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்பதை மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். இதய அறுவைப் பிரிவும் சிறுநீரகப் பிரிவும் ஒரே வளாகத்தில் இருப்பதே உங்களுக்கு முக்கியம். சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையிலும் வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனையிலும் இரண்டும் உண்டு.

சிறுநீரக மாற்றுக்கு பைபாஸ் தடையில்லை. அடைப்பு சரியான இதயம், மாற்று அறுவையை இன்னும் நன்றாகத் தாங்கும் என்பதால் சில நோயாளிகளுக்கு அதற்காகவே முதலில் பைபாஸ் செய்கிறோம். உடல் தேறி, எக்கோ திருப்தியாக இருந்தால், தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தின் காத்திருப்போர் பட்டியலில் மருத்துவமனை மூலமாகப் பதிவு செய்யலாம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். ஏற்றப்படும் ஒவ்வொரு யூனிட் ரத்தமும், பிறர் உறுப்பை எதிர்க்கும் எதிர்ப்பொருள்களை உடலில் உண்டாக்கக் கூடும். அவை பெருகினால் பொருந்தும் சிறுநீரகம் கிடைப்பது அரிதாகிவிடும். ஆகவே அறுவைக்கு முன்பே இவர் மாற்றுக்குக் காத்திருப்பவர் என்று சொல்லி, வெள்ளணு நீக்கிய ரத்தம் கிடைக்குமா என்று கேளுங்கள். எத்தனை யூனிட் ஏற்றினார்கள், எந்தத் தேதியில் என்பதை டிஸ்சார்ஜ் அறிக்கையில் எழுதி வாங்கி, பதிவு செய்யும் மருத்துவமனையின் ஒருங்கிணைப்பாளரிடம் கொடுத்தால், அந்த எதிர்ப்பொருள் பரிசோதனையை அவர்கள் மறுபடியும் செய்துகொள்வார்கள்.